சுவரில் தொங்கும் சான்றிதழ், அவையில் இல்லாத குரல்: மருந்தாளுநர்களுக்கு ஏன் அரசியல் வேண்டும்?

சென்ற ஆண்டு ஒரு மாலை, முப்பது வயதை எட்டாத பெண் ஒருவர் கையில் ஒரு நோட்டீஸோடு என் அலுவலகத்திற்கு வந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்துவிட்டுச் சொல்கிறேன். கூலி வேலை செய்யும் தலித் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அவர். கல்வி உதவித்தொகையின் துணையோடு டி.ஃபார்ம் முடித்து, மருந்தாளுநராகப் பதிவு பெற்றிருந்தார். மாதந்தோறும் கிடைத்த ஒரு சிறு தொகைக்காகத் தன் சான்றிதழை ஒரு மருந்துக்கடை உரிமையாளரிடம் கொடுத்திருந்தார். மருத்துவர் சீட்டு இல்லாமல், போதைக்காக வாங்கப்படும் வலிநிவாரணி மாத்திரைகள் அந்தக் கடையில் விற்கப்பட்டது ஆய்வில் தெரியவந்தது. சுவரில் தொங்கிய சான்றிதழில் யார் பெயர் இருந்ததோ அவருக்கு நோட்டீஸ் வந்தது. உரிமையாளரோ சில வாரங்களில் வேறொருவரின் சான்றிதழை மாட்டிக் கடையைத் தொடர்ந்து நடத்தினார்.

"அந்தக் கடைக்குள்ள நான் மூணு தடவைதான் சார் போயிருக்கேன்" என்றார் அவர்.

பேச்சுக்கு நடுவே அவரிடம் ஒன்று கேட்டேன்: "உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் ஒரு கவுன்சிலிடம் இருக்கிறது. அந்தக் கவுன்சிலுக்கு நடந்த தேர்தலில் நீங்கள் வாக்களித்தீர்களா?" அப்படியொரு தேர்தல் நடப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தேர்தலுக்கும் அவர் கையிலிருந்த நோட்டீஸுக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறுப்பு ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு

1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் விதி 65, மருத்துவர் சீட்டின் பேரில் வழங்கப்படும் மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும், அல்லது அவரது நேரடி மேற்பார்வையில் வழங்க வேண்டும் என்கிறது. 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின் பிரிவு 42, பதிவு பெறாத ஒருவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. காசநோய் மருந்துகள், உயர்நிலை நுண்ணுயிர்க் கொல்லிகள் ஆகியவற்றுக்காக 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்-1, அந்த மருந்துகளை எந்த மருத்துவர் எழுதினார், எந்த நோயாளி வாங்கினார் என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. சட்டத்தின் பார்வையில் மருந்துக்கடையின் மையம் மருந்தாளுநர்தான்.

ஆனால் கடையின் உரிமையாளர் மருந்தாளுநராக இருக்க வேண்டியதில்லை. முதல் இருப்பவர் உரிமம் பெறலாம். தகுதிக்கு ஒரு சான்றிதழைக் காட்டினால் போதும். இங்கேதான் சாதி உள்ளே வருகிறது. சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், குளிர்பதனப் பெட்டி, சரக்கு வாங்கக் கடன் ஆகியவை வேண்டும். கடைத்தெருவில் இடம் யாருடையது, அதை யாருக்கு வாடகைக்கு விடுவார்கள், வங்கி யாரை நம்பும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. படிப்பு வந்தும் முதல் வராத இளைஞரிடம் விற்பதற்கு மிஞ்சுவது அவர் பெயர் ஒன்றுதான். கடைகள் தரும் சம்பளமோ முழுநேரம் நின்று வேலை பார்க்கும் அளவுக்கு இருப்பதில்லை. சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கம் இந்த இடைவெளியில் வேர்விட்டது.

இந்த வழக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. பயிற்சியற்ற ஒருவர் தவறான மருந்தை எடுத்துக் கொடுத்தால் போவது ஓர் உயிர். போலி மருந்தாளுநர்கள் குறித்த முகேஷ் குமார் எதிர் பீகார் அரசு வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. பதிவு பெறாதவர்கள் மருந்துக்கடைகளையும் மருத்துவமனை மருந்தகங்களையும் நடத்துவது மக்களின் உடல்நலத்தோடு விளையாடுவதாகும், அதைத் தடுப்பது மாநில அரசு, பார்மசி கவுன்சில் ஆகிய இரண்டின் கடமை என்றது நீதிமன்றம். ஆனால் அந்தக் கடமையைச் செய்யும்போது நோட்டீஸ் யாருக்குப் போகிறது, முதலாளியின் பொறுப்பு எப்படிக் கேட்கப்படுகிறது, மருந்தாளுநருக்கு வாழத் தகுந்த ஊதியம் வேண்டும் என்று யார் பேசுகிறார்கள் என்பவை தனிக் கேள்விகள். விடைகளைத் தீர்மானிப்பவர்கள் அவையில் அமர்ந்திருப்பவர்கள்.

அந்த அவைக்கு வழி எது?

பார்மசி சட்டத்தின் பிரிவு 19 மாநிலக் கவுன்சிலின் அமைப்பைச் சொல்கிறது. மாநிலத்தின் பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தங்களுக்குள்ளிருந்து 6 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில அரசு 5 பேரை நியமிக்கிறது. அவர்களில் குறைந்தது 3 பேர் மருந்தியல் கல்வித் தகுதியோ பதிவோ உடையவர்களாக இருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. சுகாதாரத் துறையின் தலைமை அதிகாரி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைப் பொறுப்பாளர், அரசு மருந்துப் பகுப்பாய்வாளர் ஆகியோர் பதவிவழி உறுப்பினர்கள்.

இந்தக் கவுன்சிலின் செயற்குழுவுக்குத்தான் பிரிவு 36இன்படி ஒரு மருந்தாளுநரின் பெயரைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் உண்டு. நீக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். என்னிடம் வந்த பெண்ணின் வாழ்க்கை அந்தச் செயற்குழுவின் மேசையில் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. கிராமத்திலிருந்து வந்து, கடன் வாங்கிப் படித்து, கடையில் நின்று வேலை பார்த்த அனுபவமுள்ள ஒருவர் அந்த மேசையைச் சுற்றி இருந்தால், அந்தக் கோப்பு வேறு விதமாகவும் வாசிக்கப்படக்கூடும்.

மாநிலத்தோடு இது முடிவதில்லை. ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் தன் உறுப்பினர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அகில இந்திய பார்மசி கவுன்சிலுக்கு அனுப்புகிறது. பாடத்திட்டத்தையும் கல்லூரிகளுக்கான அங்கீகாரத்தையும் முடிவு செய்வது அந்தக் கவுன்சில். டி.ஃபார்ம் முடித்தவர்கள் பதிவு பெறுமுன் தனியாக ஒரு வெளியேறும் தேர்வை எழுத வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அங்கிருந்துதான் வந்தது. கல்லூரியின் தரம் குறைவாக இருந்ததற்கான விலையை, அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் அளித்தவர்கள் கொடுப்பதில்லை. முதல் தலைமுறை மாணவர் இன்னொரு தேர்வாகவும் இன்னும் சில மாதக் காத்திருப்பாகவும் கொடுக்கிறார். தேர்வே கூடாது என்பதல்ல என் வாதம். அதை வடிவமைத்த அவையில் அந்த மாணவரின் நிலையைச் சொல்ல ஆள் வேண்டாமா என்பதே கேள்வி.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். மருந்துகள் தொடர்பான நுட்பச் சிக்கல்களில் ஒன்றிய, மாநில அரசுகளுக்கு ஆலோசனை கூறும் மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தில், அகில இந்திய பார்மசி கவுன்சிலின் தலைவர் பதவிவழி உறுப்பினர். ஆக, ஒரு சிற்றூர் மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநரின் வாக்குச்சீட்டிலிருந்து நாட்டின் மருந்துக் கொள்கை வரை ஒரு பாதை சட்டத்திலேயே போடப்பட்டிருக்கிறது. நாம் அதில் நடப்பதில்லை.

அந்தப் பாதையில் ஒரு குறையும் உண்டு. பிரிவு 19இல் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ பெண்களுக்கோ தனி இட ஒதுக்கீடு எதுவும் இல்லை. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது அண்ணல் அம்பேத்கர், கருத்துகளுக்குப் பிரதிநிதித்துவம் கிடைத்தால் மட்டும் போதாது, மனிதர்களுக்கும் நேரடிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதிட்டார். சட்டமன்றத்துக்குப் பொருந்தும் அந்த வாதம் தொழில்சார் கவுன்சில்களுக்கும் பொருந்தும். உயர் நீதிமன்ற நீதிபதிகள் யார் என்று கேட்கும் நாம், பார்மசி கவுன்சிலில் யார் என்று கேட்டதில்லை.

கையிலிருந்து கைக்கு

மருந்தாளுநர் தலைமை ஏற்பது அவரது சொந்த நலன் சார்ந்த விஷயம் மட்டும் என்றால், இந்த இதழில் இதை எழுதியிருக்க மாட்டேன். மருந்து கைமாறும் இடம் தீண்டாமை நிகழும் இடமும் ஆகும்.

அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளில் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியரின் அனுபவம் பதிவாகியிருக்கிறது. 1929இல் வெளியான கடிதம் அது. பிரசவித்திருந்த மனைவிக்கு உடல்நலம் கெட்டது. சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், நோயாளியை வெளியே கொண்டுவரச் சொன்னார். வெப்பமானியைத் தன் கையால் கொடுக்கவில்லை. ஓர் இஸ்லாமியரிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பியது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

இதைப் பழங்கதையாக ஒதுக்க முடியாது. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் 12 கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவச் சேவையை ஆராய்ந்து சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து வழங்கப்பட்ட தருணங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் ஏதோ ஒரு வகைப் பாகுபாட்டைக் குழந்தைகள் எதிர்கொண்டது தெரிந்தது. தொடாமல் மருந்தைப் போடுவது, காக்க வைப்பது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்காமல் அனுப்புவது என்று அந்தப் பாகுபாடு பல வடிவங்களில் வருகிறது. கடைசியாகச் சொன்னது வெளியே தெரியாது; ஆனால் கொல்லக்கூடியது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், பாதியில் நிறுத்தலாமா என்று சொல்லப்படாத காசநோய் மருந்து, நோயை முன்பைவிட வலுவாக்கித் திருப்பி அனுப்பும். 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை மருந்தாளுநரின் பணியாகவே வரையறுத்துள்ளன. சேரியிலிருந்து வரும் நோயாளிக்கு அந்த விளக்கம் மறுக்கப்பட்டால், அது கடமை தவறியதாகவும் பாகுபாடாகவும் ஒரே நேரத்தில் ஆகிறது.

சட்டம் இங்கே மௌனமாக இல்லை. அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு கடைகளுக்குள் நுழைவதில் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரால் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ அனுமதி மறுப்பதையும், பொருளை விற்க மறுப்பதையும் குற்றமாக்கியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ), மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம், கடை ஆகியவற்றில் நுழைவதைத் தடுப்பதையும், ஒரு தொழிலைச் செய்யவிடாமல் தடுப்பதையும் குற்றங்களாகப் பட்டியலிடுகிறது. முன்னது நோயாளியைக் காக்கிறது. பின்னது மருந்துக்கடை வைக்க விரும்பும் தலித் மருந்தாளுநரையும் காக்கிறது. இந்தப் பிரிவுகளை மருந்தியல் கல்லூரியில் எத்தனை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டிய இடமும் அதே கவுன்சில்தான்.

இருப்பில் உள்ள அரசியல்

அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநரின் பணி இன்னும் நுட்பமானது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அத்தியாவசிய மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையை உருவாக்கியது. பிற மாநிலங்கள் பின்பற்றிய முறை அது. ஒன்றிய அரசின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 2022இல் 384 மருந்துகள் இடம்பெற்றன. அப்பட்டியலில் இருப்பவற்றுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்படுகிறது. ஒரு மருந்து பட்டியலில் இருக்கிறதா, எந்த நிலை மருத்துவமனையில் இருக்க வேண்டும், எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்பவை கணக்குகள் போலத் தோன்றினாலும், யார் பிழைப்பார் என்பதைத் தீர்மானிக்கும் முடிவுகள்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வயலில் வெறுங்காலோடு நிற்கும் விவசாயக் கூலிகளையே அது அதிகம் தாக்குகிறது. அவர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். நாட்டில் நஞ்சுமுறி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் பாம்பு நஞ்சின் பெரும்பகுதியைத் தருவது, 1978இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நஞ்சை எடுத்துத் தரும் கை பழங்குடியினருடையது. கடி வாங்கும் கால் கூலிகளுடையது. இரண்டுக்கும் நடுவே, அந்த மருந்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்குமா அல்லது 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா என்பதை முடிவு செய்யும் இடத்தில் இவர்கள் இருவரும் இல்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. கடிகள் எங்கே நடக்கின்றன என்பது இனிப் பதிவாகும். அந்தப் பதிவை மருந்து இருப்போடு ஒப்பிட்டு, எந்த வட்டாரத்தில் பற்றாக்குறை என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடியவர், மருந்து இருப்பைத் தினமும் எண்ணும் மருந்தாளுநர். அவர் பேசாவிட்டால் அந்தத் தகவல் கிடங்கிலேயே கிடக்கும்.

மருந்தின் தரத்துக்கும் இதே நிலைதான். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் ஓர் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. ஆலைகளை ஆய்வு செய்யும் மருந்து ஆய்வாளர் பணிக்கு மருந்தியல் பட்டம் ஒரு முதன்மைத் தகுதி. எத்தனை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், காலியிடங்கள் எத்தனை என்று ஆண்டுதோறும் கேட்கும் அமைப்பாக மருந்தாளுநர் சங்கங்கள் இருந்தால், குழந்தைகள் இறந்த பிறகு மட்டும் அந்தக் கேள்வி எழாது.

கடையிலிருந்து அவைக்குப் போனவர்

"மருந்து கொடுப்பவருக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு விடை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் தந்தையின் மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை செய்தவர் அவர். பிறகு செனட்டரானார். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே தரப்பட வேண்டிய மருந்துகளையும், நேரடியாக வாங்கக்கூடிய மருந்துகளையும் சட்டப்படி பிரித்த 1951ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவர் பெயர் இருக்கிறது. அவரோடு அதைக் கொண்டுவந்த கார்ல் டர்ஹாமும் மருந்தாளுநரே. அதே ஹம்ப்ரிதான் கறுப்பின மக்களுக்குக் கடைகளிலும் உணவகங்களிலும் சம உரிமை அளித்த 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைச் செனட்டில் முன்னின்று நிறைவேற்றினார். தொழில் அறிவும் சமத்துவ அரசியலும் ஒரே மனிதரிடம் சேர முடியும் என்பதற்கு அவர் சான்று.

வணிகர்களின் குரலும் நியமனத்தின் வருகையும்

மருந்துத் துறையில் குரலே இல்லை என்று சொல்ல முடியாது. இணையவழி மருந்து விற்பனையை எதிர்த்து 2018 செப்டம்பர் 28 அன்று மருந்து வணிகர் அமைப்பு நாடு தழுவிய கடையடைப்பு நடத்தியது. அது கடை உரிமையாளர்களின் குரல். சிறு வணிகரின் அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் கடையில் நிற்கும் மருந்தாளுநரின் ஊதியமும் வேலைநேரமும் வேறு கோரிக்கைகள். அவற்றை முதலாளியின் சங்கம் எழுப்பும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இதில் அவசரமும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய பார்மசி ஆணையம் அமைக்கும் வரைவு மசோதாவை 2023 நவம்பரில் ஒன்றிய அரசு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் ஆணையம் வந்தபோது தேர்தல் சுருங்கி நியமனம் பெருகியதை நாம் பார்த்திருக்கிறோம். பார்மசியும் அந்தத் திசையில் போகிறது. பழைய கவுன்சில்கள் மீது குறைகள் ஏராளம் என்பது உண்மை. ஆனால் வாக்குரிமையின் மதிப்பை அறியாமலேயே அதை இழந்துவிட்டால், பிறகு மீட்பது கடினம். நியமன முறை வந்தே தீரும் என்றால், நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் உறுதி செய்யப்பட வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில், பதிவைக் காலத்தில் புதுப்பியுங்கள். கட்டணம் கட்டாதவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கினால் வாக்கும் நீங்கும். அடுத்து, உங்கள் மாநிலக் கவுன்சிலுக்குக் கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது, உறுப்பினர்கள் யார், எத்தனை பெயர்கள் எந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம். மருந்தியல் கல்லூரி மாணவர்கள் அம்பேத்கர் வாசகர் வட்டங்களில் பார்மசி சட்டத்தையும் ஒரு நாள் வாசியுங்கள். தேர்தல் வரும்போது ஊதியம், முதலாளியின் பொறுப்பு, பாகுபாடற்ற சேவை ஆகிய மூன்றையும் முன்வைத்து ஒரு தலித் பெண் வேட்பாளரையாவது நிறுத்துங்கள். வரைவு மசோதாக்களுக்குக் கருத்துக் கேட்கப்படும்போது, இரண்டு பக்கமானாலும் எழுதி அனுப்புங்கள். எழுதப்படாத எதிர்ப்புக்குக் கோப்பில் இடமில்லை. இயக்கத் தோழர்கள், தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரைச் சந்தித்து எந்த மருந்து அடிக்கடித் தீர்ந்துபோகிறது என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

என்னிடம் வந்த பெண்ணின் விசாரணை இன்னும் முடியவில்லை. பதில் மனுவைத் தாக்கல் செய்திருக்கிறோம். உரிமையாளரின் பொறுப்பையும் அதில் கேட்டிருக்கிறோம். அவர் இப்போது ஒரு மருந்துக்கடையில் முழுநேரம் வேலை பார்க்கிறார்; சான்றிதழ் தொங்கும் அதே கடையில் அவரும் நிற்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது வழக்கைப் பற்றி விசாரித்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார்: "சார், அடுத்த தேர்தல் எப்ப?"